29ஆம் இந்திய பிரிகேட்: கலிப்போலியிலிருந்து ஃபூக்கா வரை

ராணுவ வரலாறு வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு ரெஜிமென்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் வாசிப்பார்கள். ரெஜிமென்ட்டுக்குப் பெயர் உண்டு, கொடி உண்டு, பிறந்த வருடம் உண்டு, ஓய்வுபெற்றவர்கள் கூடுகிற நாள் உண்டு. பிரிகேடுக்கு இவை எதுவும் கிடையாது. மூன்று நான்கு பட்டாலியன்களை ஒரு தளபதியின் கீழ் நிறுத்தி ஒரு எண் கொடுத்தால் அது பிரிகேட். போர் முடிந்ததும் எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அடுத்த போர் வந்தால் அதே எண்ணை முன்பின் தெரியாத வேறு ஆட்களுக்குக் கொடுப்பார்கள்.

ஆனால் போர்க்களத்தில் ஒரு சிப்பாயின் அன்றைய தலைவிதி பெரும்பாலும் பிரிகேட் மட்டத்தில்தான் முடிவாகிறது. எந்த மலையை யார் ஏறுவது, எந்தப் பள்ளத்தாக்கில் யாரை இறக்குவது, யாரைப் பின்னால் நிறுத்திவைப்பது எல்லாம் அங்கே தீர்மானிக்கிறார்கள். அப்புறம் இறந்தவர்களின் கணக்கைப் பட்டாலியன் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறது. பிரிகேடின் கதையை மட்டும் யாரும் தன் கதையாகச் சொல்வதில்லை. இது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. அதனால்தான் 29ஆம் இந்திய பிரிகேடைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு உலகப் போர்களிலும் இந்த எண் களத்தில் இருந்தது. இரண்டு முறையும் மலை ஏறி நின்று சண்டை போட்டது, இரண்டு முறையும் சிதறிப் போனது.

என்னை இதற்குள் இழுத்தது ரெஜினால்ட் ஸேவரி என்ற பெயர். 1915ல் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் நடந்த போரைப் பற்றிய வாசிப்பில் இருபது வயதைத் தாண்டிய ஒரு லெப்டினன்ட்டாக வருகிறார். 1941 எரித்ரியாவைப் பற்றிய வாசிப்பில் பிரிகேடியராக வருகிறார். அவர் வழியாகத்தான் 29 என்ற எண்ணையும் இரண்டு இடங்களில் பார்த்தேன்.

1914 அக்டோபரில் பிரிகேட் உருவானது. தளபதி ஹெர்பர்ட் காக்ஸ். அவருக்குக் கீழே நான்கு பட்டாலியன்கள்: 14ஆம் ஃபெரோஸ்பூர் சீக்கியர்கள், 69ஆம் பஞ்சாபிகள், 89ஆம் பஞ்சாபிகள், ஆறாம் கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியன். இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் சீக்கியர், பஞ்சாபி, நேபாளி என்று மூன்று கூட்டம்தான் தெரியும். தெற்கத்தியர்களுக்கு இதில் வேலையே இல்லை என்று தோன்றும்.

அந்த எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 1903ல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்திய ராணுவத்தின் ரெஜிமென்ட்டுகளை எல்லாம் ஒரே வரிசையில் அடுக்கி எண்ணிட்டார். மெட்ராஸ் காலாட்படை ரெஜிமென்ட்டுகளுக்குப் பழைய எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள். அப்படியானால் 69ஆம் பஞ்சாபிகள் என்பது ஒன்பதாவது மெட்ராஸ் காலாட்படை. 89ஆம் பஞ்சாபிகள் என்பது 29ஆவது மெட்ராஸ் காலாட்படை. முன்னது 1760களில் கோஸ்ட் சிப்பாய்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய பட்டாலியன்களில் ஒன்று. பின்னது 1798ல் திரட்டப்பட்டது. ஹைதர் அலி காலத்திலிருந்து கம்பெனிக்காகத் துப்பாக்கி தூக்கிய தமிழரும் தெலுங்கரும் தென்னிந்திய முஸ்லிம்களும் நின்ற வரிசைகள் இவை.

பிறகு அந்த ஆட்கள் எங்கே போனார்கள்? 1880களில் மெட்ராஸ் ராணுவத்துக்கும், பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். தெற்கில் நெடுநாள் அமைதி நிலவியதால் தென்னிந்தியர்கள் போர்க்குணத்தை இழந்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்பினார், அந்த நம்பிக்கையைக் கொள்கையாகவும் ஆக்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுகளில் பலவற்றிலிருந்து தெற்கத்தியர்களை வெளியே எடுத்து, அந்த இடத்தில் பஞ்சாபியரை வைத்தார்கள். பழைய வரலாறும் பழைய வெற்றிகளும் ரெஜிமென்ட்டோடு இருந்தன. அவற்றைச் சம்பாதித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே இடம் இல்லை. போர்க்குணம் ஒரு சாதிக்கு உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது என்கிற அந்தக் கோட்பாடு எவ்வளவு பொய்யானது என்பதைப் பின்னால் வந்த இரண்டு போர்களும் காட்டிவிட்டன. ஆனாலும் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன், கோபம் வருகிறது.

பிரிகேடில் பின்னால் வந்து சேர்ந்த பத்தாம் கூர்க்கா ரைபிள்ஸுக்கும் இதே போல ஒரு கதை இருக்கிறது. பர்மாவில் ராணுவப் போலீஸ் படையாகத் தொடங்கி, பத்தாவது மெட்ராஸ் காலாட்படையின் இடத்தை எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகள் மெட்ராஸ் காலாட்படை என்ற பெயரையே சுமந்து, 1901ல்தான் அது பத்தாம் கூர்க்கா ரைபிள்ஸ் ஆனது. ஆக கலிப்போலியில் இந்த பிரிகேடின் கீழ் இறங்கியவற்றில் மூன்று பட்டாலியன்களின் எண்கள் மெட்ராஸிலிருந்து வந்தவை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய இந்திய ராணுவத்தின் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் சின்னம் துடுப்புகளும் பாயும் கொண்ட ஒரு கப்பல். கடலே இல்லாத பஞ்சாபுக்குக் கப்பல் எப்படி வந்தது? 1824க்குள் எட்டு முறை கடல் கடந்து போய்ப் போரிடத் தயங்காத ஒரு மெட்ராஸ் பட்டாலியனுக்குக் கிடைத்த கௌரவம் அது. அந்தப் பட்டாலியன்தான் பின்னாளில் 69ஆம் பஞ்சாபிகள் ஆனது. பஞ்சாப் வீரர்களின் தொப்பியில் இருப்பது நம் ஊர்ச் சிப்பாய்கள் ஏறிய கப்பல்.

சரி, 1914க்கு வருவோம். பிரிகேட் எகிப்துக்குக் கப்பலில் போகும் வழியிலேயே முதல் சண்டை. செங்கடலின் வாயில், பெரிம் தீவுக்கு எதிரே ஷேக் சையத் என்ற இடத்தில் துருக்கியர்களுக்கு ஒரு கோட்டை இருந்தது. நவம்பர் 10 அன்று அங்கே இறங்கி அதை எடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். அடுத்து சூயஸ் கால்வாய்க் காவல். 1915 பிப்ரவரி தொடக்கத்தில் துருக்கியப் படை சினாய்ப் பாலைவனத்தைக் கடந்து வந்து தாக்கியபோது கண்டாரா பகுதியில் இந்த பிரிகேட்தான் இருந்தது. தாக்குதல் முறிந்தது. பெரிய சேதம் இல்லை.

கலிப்போலிக்கு இவர்களைக் கேட்டு வாங்கியவர் அங்கே தலைமை தாங்கிய இயன் ஹாமில்டன். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பழகியவர் அவர். புதர் மண்டிய செங்குத்தான அந்தக் குன்றுகளுக்கு கூர்க்காக்கள்தான் சரி என்று, அப்போது பிரிட்டனின் போர் அமைச்சராகியிருந்த கிச்சனருக்கு எழுதினார். மே முதல் தேதி பிரிகேட் தீபகற்பத்தின் தென்முனையான ஹெலஸில் இறங்கியது.

இறங்கிய இரண்டு வாரத்துக்குள் பிரிகேட் பாதியானது. காரணம் தோட்டா இல்லை. 69, 89 இரண்டு பட்டாலியன்களிலும் பாதிக்குப் பாதி முஸ்லிம்கள். துருக்கிய சுல்தான் கலீஃபாவும் கூட. புனிதப் போர் என்று அறிவித்திருந்தார். இவர்கள் துருக்கியரை எதிர்த்துச் சுடுவார்களா என்ற சந்தேகம் மேலே இருந்தவர்களுக்கு. இரண்டு பட்டாலியன்களையும் எடுத்து பிரான்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கால்வாய்க் கரையில் துருக்கியரை எதிர்த்து நின்ற ஆட்கள்தான் இவர்கள் என்பதை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. 89ஆம் பஞ்சாபிகள் பிரான்ஸ் போய், அங்கிருந்து மெசபடோமியா போய், 1916 ஏப்ரலில் பெய்த் அயீசாவில் அதே துருக்கியரை எதிர்த்துப் போரிட்டார்கள். அங்கே நாயக் ஷாஹமத் கான் ஒரு இயந்திரத் துப்பாக்கியோடு தனி ஆளாக இடைவெளியைக் காத்து விக்டோரியா கிராஸ் பெற்றார். அவர் ஒரு பஞ்சாபி முஸ்லிம். அந்தச் சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

போனவர்களின் இடத்துக்கு ஜூன் தொடக்கத்தில் ஐந்தாம் கூர்க்காவின் முதல் பட்டாலியனும் பத்தாம் கூர்க்காவின் இரண்டாம் பட்டாலியனும் வந்தன. அதற்கு முன்பே மே 12 இரவில் ஆறாம் கூர்க்காக்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். மேற்குக் கரையில் ஒய் கடற்கரை என்ற இடத்துக்கு மேலே ஒரு செங்குத்துக் குன்று. ஏப்ரல் 25 அன்று பிரிட்டிஷார் சண்டையில்லாமல் ஏறி, மறுநாள் விட்டுவிட்டு வந்த குன்று அது. பிறகு அதை மீட்கப் போனவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். கூர்க்காக்கள் இருட்டில் பாறையைப் பிடித்து ஏறி அதை எடுத்தார்கள். போர் வரைபடங்களில் அதன் பெயர் அன்றிலிருந்து கூர்க்கா குன்று.

ஜூன் 4. மூன்றாம் கிரித்தியா சண்டை. இந்தத் தேதியைத் தாண்டி வாசிக்க எனக்கு ஒவ்வொரு முறையும் நேரம் பிடிக்கிறது. ஹெலஸின் இடதுபுறத்தில் கல்லி ரவைன் என்று ஆங்கிலேயர்கள் அழைத்த ஒரு நீண்ட ஓடை உண்டு. துருக்கியர் சிகின்தெரே என்பார்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த கரை, கீழே குறுகலான தரை. 14ஆம் சீக்கியர்களுக்குக் கிடைத்த வழி அந்த ஓடையும் அதன் விளிம்பும். பீரங்கிகள் காலை முழுக்கச் சுட்டும் முள்கம்பி அறுபடவில்லை. நண்பகலில் விசில் ஊதியதும் நடந்தார்கள். மேலிருந்து இரண்டு கரைகளிலும் இயந்திரத் துப்பாக்கிகள். ஓடைக்குள் போன கம்பெனிகள் ஏறக்குறைய முழுசாக அழிந்தன. அன்று களம் இறங்கிய சுமார் ஐந்நூறு பேரில் முக்கால் பங்கினர் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். பின்வாங்கியவர்கள் என்று ஒருவரையும் யாரும் பதிவு செய்யவில்லை.

ஒரு ஓடைக்குள் ஆட்களை இறக்குவது என்று முடிவு செய்தது பட்டாலியன் இல்லை. நான் ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். ஒரு வரைபடத்தில் பிரிகேடுகளுக்கு அகலம் பிரித்துக் கொடுக்கும்போது, ஓடை யாருடைய பங்கில் விழுகிறதோ அவர்கள் அதற்குள் போக வேண்டும்.

ஸேவரி அன்று அந்த வரிசையில் இருந்தார். துருக்கிய அகழி வரை போய்ச் சேர்ந்து, தலையில் அடிபட்டு நினைவிழந்தார். ஒரு சீக்கிய வீரர் அவரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அதற்குள் அவர் இறந்துவிட்டதாகத் தகவல் போயிருந்தது. பிழைத்தார். அடுத்த இருபத்தாறு வருடத்துக்கு அவரை இங்கே விட்டுவைக்கலாம்.

ஜூன் இறுதியில் ஆறாம் கூர்க்காக்களின் தளபதி சார்ல்ஸ் புரூஸ் இரண்டு கால்களிலும் பலமாகக் காயம்பட்டு வெளியேறினார். இமயமலை ஏறுவதில் அந்தக் காலத்தில் பேர் பெற்றவர். அந்தக் கால்களோடுதான் 1922, 1924 எவரெஸ்ட் பயணக் குழுக்களுக்குத் தலைமை தாங்கினார்.

ஆகஸ்டில் பிரிகேட் வடக்கே, ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்தினரும் பிடித்துவைத்திருந்த அன்ஸாக் பகுதிக்குப் போனது. சாரி பெயிர் மலைத்தொடரைப் பிடித்துவிட்டால் டார்டனெல்ஸ் நீர்ச்சந்தி கண்ணுக்குக் கீழே வந்துவிடும். காக்ஸின் அணியில் இரண்டு பிரிகேடுகள்: மோனாஷின் நாலாம் ஆஸ்திரேலிய பிரிகேட், நம் 29. மோனாஷுக்கு இலக்கு 971ஆம் உயரம் என்ற சிகரம், 29க்கு கியூ குன்று. ஆகஸ்ட் 6 இரவு நடந்தார்கள். வரைபடம் சரியில்லை, பள்ளத்தாக்குகள் ஒன்றுக்குள் ஒன்று பிரிந்தன, பாதி ஆட்களுக்கு வயிற்றுப்போக்கு, தண்ணீர் இல்லை. விடியும்போது சிகரத்தில் இருக்க வேண்டியவர்கள் அடிவாரப் புதர்களில் சிதறிக் கிடந்தார்கள்.

ஆனால் ஆறாம் கூர்க்காக்கள் மேஜர் செசில் அலன்சன் தலைமையில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். 8ஆம் தேதி இரவு முகட்டுக்குச் சற்றுக் கீழே, தலையைத் தூக்கினால் குண்டு படும் இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். பக்கத்தில் வழி தப்பி வந்து சேர்ந்த பிரிட்டிஷ் பட்டாலியன்களின் சில கம்பெனிகள். 9ஆம் தேதி அதிகாலையில் கப்பல்களின் குண்டுவீச்சு நின்றதும் எழுந்து ஓடினார்கள். முகட்டில் கைகலப்பு. பயனெட், கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரி, கல், கையில் கிடைத்தது எல்லாம். துருக்கியர்கள் மறுபக்கச் சரிவில் இறங்கி ஓட, இவர்கள் உச்சியில் நின்றார்கள். எதிரே டார்டனெல்ஸ். எட்டு மாதப் போர் முழுவதும் எதற்காக நடந்ததோ அந்த நீரைப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம்தான். துரத்திக்கொண்டு கீழே இறங்கியவர்கள் மேல் பெரிய குண்டுகள் வந்து விழுந்தன, அவை தங்கள் பக்கத்திலிருந்தே வந்தவை. கடற்படையின் குண்டுகள் என்று அலன்சன் கடைசி வரை சொன்னார். தரையிலிருந்த பீரங்கிகள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். யாருடையதாக இருந்தாலும் குன்று போய்விட்டது. உதவிக்கு வர வேண்டிய வேறொரு பிரிகேட் வழியில் திணறிக்கொண்டிருந்தது, வரவில்லை. அலன்சனும் காயம்பட்டு வெளியேறினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதில் நிற்பது. பட்டாலியனில் டாக்டர் ஃபிப்சனைத் தவிர ஒரு பிரிட்டிஷ் அதிகாரியும் மிச்சமில்லை. தலைமை சுபேதார் மேஜர் கம்பீர்சிங் புன் கைக்கு வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மேலிருந்து வரும் உத்தரவுகளை டாக்டர் அவருக்கு எடுத்துச் சொன்னார், முடிவுகளை அவர் எடுத்தார். ஒரு இந்திய ராணுவப் பட்டாலியனை வெள்ளை அதிகாரி இல்லாமல் நடத்த முடியாது என்பது அந்த ராணுவத்தின் அடிப்படை நம்பிக்கைகளில் ஒன்று. மறுநாள் 10ஆம் தேதி துருக்கியத் தளபதி முஸ்தஃபா கெமால் பக்கத்து முகடான சுனுக் பெயிரில் பெருந்தாக்குதல் நடத்தி எல்லாவற்றையும் துடைத்தெடுத்தபோது, பின்வாங்கும் உத்தரவு வரும் வரை கம்பீர்சிங் புன் தன் ஆட்களை அந்தச் சரிவில் பிடித்துவைத்திருந்தார். ஒழுங்காகவே கீழே கொண்டுவந்தார். ராணுவம் தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ள இன்னும் ஒரு உலகப் போர் தேவைப்பட்டது.

அந்த மலையில் காயம்பட்ட பிரிட்டிஷ் அதிகாரிகளில் ஒன்பதாம் வார்விக்ஷயர் ரெஜிமென்ட்டின் வில்லியம் ஸ்லிம் என்ற இளைஞரும் ஒருவர். கூர்க்காக்களை அங்கே பார்த்தவர், போருக்குப் பிறகு ஆறாம் கூர்க்கா ரைபிள்ஸிலேயே சேர்ந்தார். பர்மாவில் 14ஆவது ராணுவத்தை நடத்தியவர் அவரேதான்.

ஆகஸ்ட் கடைசியில் 60ஆம் குன்றடியில் ஒரு கிணற்றுக்காகச் சண்டை, நவம்பர் இறுதியில் பனிப்புயல், விறைத்துப் போன கால்கள். டிசம்பர் 20க்குள் அன்ஸாக் முழுவதையும் ஓசையில்லாமல் காலி செய்துவிட்டார்கள். கலிப்போலியில் மொத்தம் ஏறத்தாழ 16,000 இந்தியர்கள் இருந்தார்கள். கோவேறு கழுதைகளில் தண்ணீரும் குண்டும் சுமந்தவர்களும், மலைப் பீரங்கிக்காரர்களும் இதில் அடக்கம். எகிப்து திரும்பிய பிறகு பிரிகேடின் பட்டாலியன்கள் வெவ்வேறு முனைகளுக்குப் பிரிந்து போயின.

இரண்டு போர்களுக்கும் நடுவே நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1922ல் மீண்டும் எண்களை மாற்றினார்கள். 69ஆம் பஞ்சாபிகள் இரண்டாம் பஞ்சாப் ரெஜிமென்ட்டுக்குள் போனார்கள். 72ஆம் பஞ்சாபிகள், அதாவது பழைய 12ஆவது மெட்ராஸ் காலாட்படை, அதே ரெஜிமென்ட்டின் மூன்றாம் பட்டாலியன் ஆனது. மெட்ராஸ் என்ற பெயரோடு மிஞ்சியிருந்த மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் நிரந்தரப் பட்டாலியன்களை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது.

1940 செப்டம்பரில் ஐந்தாம் இந்திய டிவிஷன் சூடானில் இறங்கியது. டிவிஷன் என்பது சில பிரிகேடுகள் சேர்ந்தது. எரித்ரியாவிலும் எத்தியோப்பியாவிலும் இத்தாலியர்கள் பெரும்படையோடு இருந்தார்கள். டிவிஷனில் இரண்டு பிரிகேடுகள்தான் வந்திருந்தன. சூடானில் ஏற்கெனவே இருந்த மூன்று பிரிட்டிஷ் பட்டாலியன்களைக் கலந்து மூன்றாக்கினார்கள். மூன்றாவதுக்கு 29 என்ற எண் கிடைத்தது. முதலாம் வூஸ்டர்ஷயர், இரண்டாம் பஞ்சாபின் மூன்றாம் பட்டாலியன், 13ஆம் ஃப்ரண்டியர் ஃபோர்ஸ் ரைபிள்ஸின் ஆறாம் பட்டாலியன். தளபதி ஜான் மேரியட். கலிப்போலியின் 29ல் இருந்த ஒரு பட்டாலியனும் இதில் இல்லை. ஆனால் 12ஆவது மெட்ராஸின் வாரிசு வந்து சேர்ந்திருந்ததைக் கவனித்திருப்பீர்கள். எண்ணைக் கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதே டிவிஷனில் பக்கத்து பிரிகேடான 10க்குத் தளபதி வில்லியம் ஸ்லிம்.

1941 பிப்ரவரி தொடக்கத்தில் பரெந்துவைப் பிடித்துக்கொண்டு முன்னேறி, கெரனுக்கு வந்தார்கள். கெரனைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் வாசித்ததில்லை. சமவெளியிலிருந்து சுவர் எழுப்பியது போல நிற்கும் மலைகள், நடுவே ஒரே ஒரு குறுகிய கணவாய், அதன் வழியே சாலையும் ரயில் பாதையும். இத்தாலியர்கள் பாறைகளை வெடித்துச் சாலையை மூடிவிட்டு மேலே உட்கார்ந்திருந்தார்கள். இத்தாலியர்கள் எங்கும் எளிதில் சரணடைந்தார்கள் என்று நினைப்பவர்கள் கெரனை வாசிக்க வேண்டும். பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் 27 வரை ஏழு வாரத்துக்கு மேல் பிடித்தது. பிரிட்டிஷ் இந்தியப் பக்கத்தில் 536 பேர் இறந்தார்கள், 3,229 பேர் காயம்பட்டார்கள். இத்தாலியப் பக்கத்தில் இறந்தவர்கள் சுமார் 3,000 பேர்.

கணவாயின் இடதுபுறத்தில் நாலாம் இந்திய டிவிஷன். அதன் 11ஆம் பிரிகேட் கேமரன் முகட்டைப் பிடித்துவைத்திருந்தது. தளபதி பிரிகேடியர் ஸேவரி. கல்லி ரவைனில் இறந்துவிட்டதாக எழுதப்பட்ட அதே ஸேவரி. வலதுபுறத்தில் ஐந்தாம் டிவிஷன், அதில் அவருடைய பழைய எண்ணைத் தாங்கிய புதிய 29.

மார்ச் 15, 16 தேதிகளில் ஒன்பதாம் பிரிகேட் டொலொகொரொடாக் கோட்டையைப் பிடித்தது. அதில் கூர்முகடு ஒன்றை ஏறி எடுத்த மராட்டா பட்டாலியனின் தளபதி டெனிஸ் ரீட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 16ஆம் தேதி இரவு 29 கோட்டையைத் தாண்டிப் போய் அடுத்திருந்த ஃபலெஸ்டோ, ஸெபான் என்ற இரண்டு உச்சிகளைத் தாக்கியது. வூஸ்டர்ஷயர் ஒன்றை நோக்கி, பஞ்சாபிகள் மற்றதை நோக்கி. விடிந்தபோது இரண்டுமே உச்சிக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தன. முழுப் பகலும் வெயிலில் பாறையை அணைத்துக் கிடந்துவிட்டு மறு இரவு பின்வாங்கின. கியூ குன்றுச் சரிவில் கிடந்தவர்களை நான் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 25ஆம் தேதி கணவாயின் வழியே ரயில் சுரங்கப் பக்கமாக 10ஆம் பிரிகேட் அடித்துத் திறந்தது, சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர்கள் சாலைப் பாறைகளை அகற்றினார்கள், 27 அதிகாலையில் 29 மறுபடி ஏறியபோது அந்த இரண்டு உச்சிகளும் காலியாகிவிட்டிருந்தன.

சாப்பர்கள் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் நகர முடியாது. மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் ராபர்ட்ஸ் காலத்து மாற்றத்தில் அடிபடாமல் தமிழர்களோடு நீடித்தது. நாலாம் டிவிஷனோடு இத்தாலி வரை போன அதன் சாப்பர்களில் செங்கல்பட்டு மாவட்டம் கீழோட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியனும் இருந்தார். 1944 பிப்ரவரி 24 அன்று மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப் போன ஒன்றின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். போர்க்குணம் இல்லாத ஊரென்று ஒதுக்கப்பட்ட ஊர்க்காரர்.

கெரனுக்குப் பிறகு அம்பா அலாகி. பத்தாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த மலையில் இத்தாலிய வைஸ்ராய் ஆவோஸ்டா பிரபு கடைசியாகத் தஞ்சம் புகுந்திருந்தார். மே 4 விடியலில் மேற்குப் பக்கக் குன்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தாக்குதலைத் தொடங்கிவைத்தது 29தான். இரண்டு வாரத்தில் வைஸ்ராய் சரணடைந்தார். இந்த எண்ணைத் தாங்கியவர்களுக்குக் கிடைத்த முழுமையான மலை வெற்றி இது.

அப்புறம் லிபியப் பாலைவனம். டெனிஸ் ரீட் பிரிகேடியராகி 29க்குத் தளபதியானார். 1941 நவம்பரில் ஜராபூப் சோலையிலிருந்து கிளம்பி, கவச கார்களோடும் பஞ்சாபி பட்டாலியனோடும் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாத மணலைக் கடந்து, எதிரியின் முதுகுக்குப் பின்னால் ஜாலோ சோலையைப் பிடித்தார். துணிச்சலான காரியம். டோப்ரூக் முற்றுகைச் சண்டையின் சத்தத்தில் இதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

1942 ஜூனில் கஸாலா அரண்வரிசை சரிந்தபோது டோப்ரூக்குக்குத் தெற்கே எல் ஆதெம் அரணில் 29 இருந்தது. ஜெர்மன் தளபதி ரோமெலின் படைகள் பல நாள் தொடர்ந்து தாக்கின. எல்லாத் தாக்குதலையும் தடுத்தார்கள். சுற்றிலும் மற்ற அரண்கள் விழுந்ததால் ஜூன் 16 இரவு விலகிவர உத்தரவு வந்தது. அடுத்த சில நாளில் டோப்ரூக்கே விழுந்தது. பின்வாங்கும் ராணுவத்தின் பின்காவலாகச் சிதறலாக நின்ற பிரிகேடை, ஜூன் 28 அன்று எகிப்தின் ஃபூக்கா அருகே ஜெர்மன் டாங்கிகள் வந்து மூடின. ஒரு மாலை நேரத்துக்குள் முடிந்தது. ரீட் கைதியானார். ஆகஸ்டில் பிரிகேடை முறைப்படி கலைத்தார்கள். மலைக்காகப் பழகியவர்களைத் திறந்த மணலில், டாங்கியும் போதிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கியும் இல்லாமல், சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்து நிறுத்தியது யார் என்ற கேள்விக்கு அங்கே போரிட்ட பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்தின் அந்த ஆண்டுத் தலைமைதான் பதில் சொல்ல வேண்டும். கல்லி ரவைனைப் போலவே இங்கேயும் பட்டாலியன்களின் கையில் எதுவும் இருக்கவில்லை.

ஐந்தாம் டிவிஷனில் காலியான இடத்துக்கு 161ஆம் பிரிகேட் வந்தது. 1944 ஏப்ரலில் கொஹிமாவில் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தியது அந்த பிரிகேட், ஸ்லிம்மின் ராணுவத்தில். கொஹிமாவை எல்லோருக்கும் தெரியும். ரீட் 1943ல் இத்தாலி போரிலிருந்து விலகிய பின் சிறையிலிருந்து தப்பி, மீண்டும் வந்து 10ஆம் இந்திய டிவிஷனுக்குத் தலைமை தாங்கி இத்தாலிப் போரை முடித்தார்.

1947ல் இந்திய ராணுவத்தைப் பிரித்தபோது அதன் ஆள் நிர்வாகத்தைக் கவனிக்கும் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்தவர் ரெஜினால்ட் ஸேவரி. கலிப்போலியில் அவரோடு ஒரே பிரிகேடில் இருந்தவர்களின் வாரிசுகள் மூன்று நாடுகளுக்குப் போனார்கள். 89ஆம் பஞ்சாபிகளின் வாரிசு பாகிஸ்தானுக்கு, இன்று பலூச் ரெஜிமென்ட்டில். 69ஆம் பஞ்சாபிகளின் வாரிசும் ஐந்தாம் கூர்க்காவும் இந்தியாவுக்கு. ஆறாம், பத்தாம் கூர்க்காக்கள் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு. 1994ல் அவை ராயல் கூர்க்கா ரைபிள்ஸில் கலந்தன. இரண்டாவது 29ல் இருந்த ஃப்ரண்டியர் ஃபோர்ஸ் ரைபிள்ஸ் பாகிஸ்தானுக்கு. 14ஆம் சீக்கியர்கள் அப்போது சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன்; 1947 அக்டோபர் 27 காலையில் ஸ்ரீநகர் விமான நிலையத்தில் இறங்கிய முதல் இந்தியப் படை அவர்கள்தான். அவர்களுடைய தளபதி திவான் ரஞ்சித் ராய் அன்றே பாரமுல்லா சாலையில் உயிர்விட்டார். எல்லையின் அந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கத்திலும் அவரவர் பட்டாலியன் வரலாற்றில் கலிப்போலிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்து, 29ஆம் பிரிகேடின் வரலாறாக நம் மொழிகளில் யாராவது முழுசாக எழுத வேண்டும்.